சென்னியப்பன் பூடு

இதை உங்கள் பக்கம் கொஞ்சம் சாய்த்து வைத்துக்கொள்ளட்டுமா? கனமில்லை, ஜமுக்காளம்தான். கண்டக்டர் பின்னால் போடச் சொன்னார். பின்னால் போட்டால் ஏறுகிறவன் இறங்குகிறவன் எல்லாம் மிதிப்பான். நல்ல காரியத்துக்குப் போகிற ஜமுக்காளம், மிதிபடக் கூடாது. விரித்த பிறகு மிதிக்கலாம், அது வேறு.

என் பெயர் சென்னியப்பன்.

நீங்கள் சிரிக்கவில்லை. அப்படியானால் எங்கள் பக்கத்து ஆள் இல்லை. எங்கள் பக்கம் என்றால் காங்கயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவே, ஊஞ்சவலசு என்று ஒரு ஊர். அங்கே யாரிடமாவது போய் என் பெயரைச் சொல்லிப் பாருங்கள். முதலில் குனிந்து தங்கள் காலைப் பார்ப்பார்கள். பிறகுதான் உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள்.

ஏனென்றால் எங்கள் பக்கம் சென்னியப்பன் என்பது ஒரு செடி.

முழங்கால் உயரம் வரும். பொடிப்பொடியாக மஞ்சள் பூ. பூ காய்ந்தால் கொள்ளு அளவுக்கு விதை. விதையைச் சுற்றிலும் கொக்கி. ஒரு விதையில் இருபத்திரண்டு கொக்கி இருக்கும். பூதக் கண்ணாடி வைத்து ஐந்து விதையில் எண்ணியிருக்கிறேன். நான்கில் இருபத்திரண்டு, ஒன்றில் இருபத்தொன்று. அந்த ஒரு கொக்கி என் விரலில் உடைந்திருக்கும். ஆடு இந்தச் செடியை மோந்து பார்த்துவிட்டுத் தும்மும். மாடு திரும்பிப் பார்க்காது. மண்ணுக்கும் உதவாது, மருந்துக்கும் உதவாது. அதற்குத்தான் என் பெயர்.

நான் செய்த குற்றம் என்ன என்று சொல்கிறேன். நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

விசேஷ வீடுகளுக்கு ஜமுக்காளம் வாடகைக்கு விடுவது என் தொழில். பதினோரு ஜமுக்காளம் இருக்கிறது, எல்லாம் பவானி நெசவு. காது குத்து, சீர், கட்சிக் கூட்டம், பட்டிமன்றம், எதுவானாலும் சென்னியப்பன் ஜமுக்காளம்தான். முப்பத்தொரு வருடத்தில், உட்கார்ந்த ஒருவருக்காவது தொடையில் முள் குத்தியது என்று புகார் கிடையாது. காரணம் என் முறை. மற்றவர்கள் விசேஷம் முடிந்ததும் உதறிச் சுருட்டுவார்கள். அந்த நேரத்தில் எல்லோரும் அலுத்துக் கிடப்பார்கள். பாதி உதறல்தான் நடக்கும். நான் அப்போது உதறுவதே இல்லை. இருக்கிறபடி சுருட்டிக் கொண்டுவந்துவிடுவேன். அடுத்த ஊரில் போய், விரிப்பதற்கு முன்னால், நாலு மூலைக்கு நாலு பேர் பிடித்து நாலு உதறு. அந்த ஊர் வாசலில், அந்த ஊர்க்காரர்கள் கண் முன்னால். சுத்தமா இல்லையா என்று அவர்களே பார்த்துக்கொள்ளட்டும். நாலு உதறு உதறாமல் நான் எந்த ஊரிலும் விரித்தது கிடையாது.

போன வைகாசியில் மைசூர்ப் பக்கம் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை எங்கள் ஊர்ப் பையன். காடு மாதிரி புல் வளர்ந்த ஒரு மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். ஐந்து ஜமுக்காளம் கொண்டுபோனேன், ஐந்தையும் திரும்பக் கொண்டுவந்தேன். வேறு எதுவும் கொண்டுவரவில்லை. ஒரு ஊதுவத்திகூட வாங்கவில்லை. வந்த மறுநாள் எங்கள் மாரியம்மன் கோயில் திடலில் ஒரு காது குத்து. வழக்கம்போல நாலு உதறு, விரித்தோம், முடிந்தது. ஆடியில் மழை பெய்தது. திடலில் இந்தச் செடி முளைத்தது.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. பெயர் தெரியாத செடி வந்தால், கொண்டுவந்த ஆளின் பெயரையே வைத்துவிடுவார்கள். துரைசாமிக் கத்திரி என்று ஒன்று இருக்கிறது. துரைசாமி இறந்து நாற்பது வருடம் ஆகிறது. ஆனாலும் இன்றைக்கு எங்கள் ஊரில் ஏதாவது ஒரு வீட்டுக் குழம்பில் அவர் கொதித்துக்கொண்டிருப்பார். மனிதன் பெயர் நிலைப்பது என்றால் அப்படி நிலைக்க வேண்டும்.

எங்கள் பஞ்சாயத்துத் தலைவி தெய்வாத்தாள். எனக்கு இரண்டு வயது மூத்தவர், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர் திடலைத் தாண்டிப் போகும்போது சேலைக் கரையில் ஒரு பிடி விதை ஒட்டிக்கொண்டது. ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே கூட வந்தவர்களிடம் கேட்டிருக்கிறார்.

"இதென்ன கருமம், இத்தன நாளா இல்லாதது? ஊர்ல இருந்து அசலூர் போய்ட்டு வந்தது ஆரு?"

"சென்னியப்பண்ணந்தானுங்க்கா மைசூர் போய்ட்டு வந்தாரு."

"அப்ப இது சென்னியப்பன் பூடு."

அவ்வளவுதான். விசாரணை கிடையாது, சாட்சி கிடையாது. கல்யாணத்துக்குப் போகிற மனிதன் களைச்செடி வாங்கி வருவானா? ஒருத்தராவது கேட்டிருக்க வேண்டாமா?

அதற்குப் பிறகு டீக்கடையில் என்னால் உட்கார முடியவில்லை. நான் உட்கார்ந்திருக்கும்போதே பேசுவார்கள்.

"ஏனப்பா, உங்க காட்டுல சென்னியப்பனுக்கு மருந்தடிச்சாச்சா?"

"ரெண்டு தடவ அடிச்சனுங்க. சாக மாட்டீங்கறான்."

"மருந்துக்கெல்லாம் அசங்க மாட்டான். வேரோட புடுங்கித் தீ வெக்கோணும்."

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, "அண்ணா, உங்களைச் சொல்லலீங்ண்ணா," என்பார்கள். தெரிகிறது, என்னைச் சொல்லவில்லை. ஆனாலும் டீ இறங்குமா?

என்ன, தொடையில் ஏதாவது குத்துகிறதா? பழைய சீட்டு. உள்ளே இருக்கிற கம்பி வெளியே வந்திருக்கும். கொஞ்சம் ஜமுக்காளத்தை ஒட்டி உட்காருங்கள், மெத்தென்று இருக்கும்.

ஆவணியில் பஞ்சாயத்து அலுவலகத்தின் முன்னால் ஒரு போர்டு வைத்தார்கள். "சென்னியப்பன் ஒழிப்பு முகாம். அனைவரும் மண்வெட்டியுடன் வருக." காலையில் பல் விளக்கிக்கொண்டே அதைப் படித்தேன். இரண்டாம் தடவை படித்தபோதுதான் வாயைக் கொப்பளிக்கவில்லை என்பது ஞாபகம் வந்தது.

நேரே தெய்வாத்தாள் அக்காவிடம் போனேன்.

"அக்கா, போர்டுல எம்பேர எடுங்க."

"எழுதறதுக்கு ஒரு பேரு வேணுமில்ல சாமி. களைச் செடின்னு எழுதுனா எந்தக் களைன்னு கேப்பாங்க. நீ வேற பேரு கொண்டா, மாத்திக்கலாம்."

"வேற பேருக்கு எங்கீங்க போவேன்?"

"நீ கொண்டாரலைன்னா ஆரு கொண்டாந்தாங்கன்னு கண்டுபுடி. அவம்பேர வெச்சுப் போடலாம். எனக்கென்ன, எம்மேல ஒட்டாம இருந்தாச் சரி." அப்புறம் ஒன்று கேட்டார். "முகாமுக்கு ஆறு ஜமுக்காளம் வேணும். இருக்குதா?"

கொடுத்தேன். தொழில் வேறு, மனஸ்தாபம் வேறு.

போர்டைத்தான் யாரோ போட்டோ எடுத்து அனுப்பிவிட்டார்கள். அன்றைக்குச் சாயங்காலமே என் மகன் பூபதி ஓசூரிலிருந்து கூப்பிட்டான்.

இங்கேதான் விஷயமே இருக்கிறது. பூபதியின் மனைவி அப்போது நாலு மாதம். எங்கள் வீட்டில் தாத்தா பெயர் பேரனுக்கு வரும். பேரன் என்றாலே பெயரைச் சுமக்கிறவன் என்றுதான் அர்த்தம். பூபதி என்பது என் அப்பா பெயர். பூபதியின் மகன் சென்னியப்பன். எட்டுத் தலைமுறையாக இப்படித்தான், பூபதி, சென்னியப்பன், பூபதி, சென்னியப்பன் என்று நாற்று நட்டது மாதிரி வரிசையாக வந்திருக்கிறோம். ஒன்றுகூடத் தப்பியதில்லை.

"அப்பா, பையனாப் பொறந்தா அந்தப் பேரு வேண்டாம்ப்பா," என்றான்.

"ஏன்?"

"நாளைக்கு அவன் பள்ளிக்கூடம் போவான். ஊரெல்லாம் சென்னியப்பன ஒழிப்போம்னு போர்டு இருக்கும். நீங்க பெரியவங்க, தாங்கிக்குவீங்க. கொழந்தை என்னப்பா பண்ணும்?"

வேறு ஏதோ ஒரு பெயர் பார்த்து வைத்திருப்பதாகச் சொன்னான். அதைக் கேட்டபோது அவனுக்குத் தும்மல் வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். "மறுபடி சொல்லு," என்றேன். மறுபடியும் தும்மல் மாதிரியேதான் இருந்தது.

ஆக, குழந்தை பிறக்கிற தை மாதத்துக்குள் நான் நிரபராதி என்று நிரூபிக்க வேண்டும். இல்லாவிட்டால் என்னோடு வரிசை அறுந்துவிடும்.

முகாமுக்கு வேளாண்மை அலுவலர் ஒருவர் வந்தார். தமயந்தி என்று பெயர், சின்ன வயது, நிதானமாகப் பேசுகிறவர். என் ஜமுக்காளத்தில் உட்கார்ந்துதான் பேசினார். அவர் சொன்னதை நான் அப்படியே மனத்தில் வாங்கிக்கொண்டேன். செடிக்குக் கால் இல்லை, அதனால் விதைக்குத்தான் ஏதாவது வண்டி வேண்டும். எருக்கம் விதைக்குப் பஞ்சு இருக்கிறது, அது காற்றில் போகிறது. ஆலம் விதை பறவையின் வயிற்றில் போய் யார் வீட்டுச் சுவரிலோ இறங்குகிறது. தேங்காய் கடலில் மிதந்து தீவு தீவாகப் போகிறது. விதையைப் பார்த்தாலே அது எந்த வண்டியில் வந்தது என்று சொல்லிவிடலாமாம். "இதுல கொக்கி இருக்குது. கொக்கி இருந்தா எதையாவது புடிச்சுத் தொங்கிட்டுத்தான் வந்திருக்கும்," என்றார்.

பேசிக்கொண்டே தான் உட்கார்ந்திருந்த ஜமுக்காளத்தின் குஞ்சத்திலிருந்து ஒரு விதையை எடுத்தார். பார்த்தார். இன்னொன்று எடுத்தார்.

"ஐயா, இந்த ஜமுக்காளம் எந்தெந்த ஊருக்குப் போகுதுங்க?"

"எல்லா ஊருக்கும் போகுதுங்க மேடம்." பெருமையாகத்தான் சொன்னேன்.

"கழுவுவீங்களா?"

"கழுவுனா சாயம் போயிருமுங்க. உதறுவேன்."

"எங்க உதறுவீங்க?"

"அந்தந்த ஊர்லதானுங்க."

இரண்டு விதையையும் ஒரு தாளில் மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். என் முறை அவருக்குப் பிடித்திருக்க வேண்டும். இந்தக் காலத்தில் தொழிலில் சுத்தம் பார்க்கிறவர்கள் குறைவு.

அன்றைக்கே வீட்டில் சோதனையை ஆரம்பித்தேன். பத்து விதையை டேபிள் ஃபேன் முன்னால் போட்டேன். பத்தும் நேரே கீழே விழுந்தன. காற்று இல்லை. பத்து விதையைத் தண்ணீர் அண்டாவில் போட்டேன். பத்தும் மூழ்கின. தண்ணீர் இல்லை. கோழிக்குப் போட்டேன். கோழி ஒரு தடவை கொத்திவிட்டு மூன்று நாள் என் பக்கமே வரவில்லை. பறவை இல்லை. கடைசியாகப் பக்கத்துத் தோட்டத்து மாரப்பனின் செம்மறி ஆட்டின் மேல் பத்து விதையைப் போட்டேன். பத்தும் ஒட்டின. போதுமே.

என் மனைவி பாவாத்தாள் கேட்டாள். "ஜமுக்காளத்து மேலயும் பத்துப் போட்டுப் பாக்கறது?"

சிரிப்பு வந்தது எனக்கு. "ஆட்டுக்கு நாலு காலு இருக்குது, நடக்குது. ஜமுக்காளத்துக்குக் காலா இருக்குது?"

"அது சரி," என்று உள்ளே போய்விட்டாள். நியாயத்தைச் சொன்னால் அவள் எப்போதும் ஒத்துக்கொண்டுவிடுவாள்.

ஆட்டுப் பூடு என்று பெயர் மாற்ற வேண்டும். மாரப்பனிடம் போனேன். "எங்க ஆடு ஊர் எல்லையத் தாண்டுனதே இல்லீங்கண்ணா. மைசூருக்கு எங்க போச்சு?" என்றான். அது ஆட்டுக்காரன் பேச்சு. அவன் அப்படித்தான் சொல்வான். நான் ஊர் ஊராகப் போய் மக்களிடமே பேசுவது என்று முடிவு செய்தேன்.

புரட்டாசி முழுக்கப் பேசினேன். ஏழு ஊர். ஒவ்வொரு ஊரிலும் கோயில் முன்னாலோ பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலோ கூட்டம். வாடகை கிடையாது, என் சொந்த ஜமுக்காளம். பெரியதாகப் பார்த்து, பதினெட்டுக்குப் பன்னிரண்டு அடி. கூட்டம் ஆரம்பிக்கும் முன் நாலு உதறு. என்னைத் தூற்றுகிறவர்கள் நடுவிலும் நான் முறையை விட்டுக்கொடுக்கவில்லை. அப்புறம் ஒரு மணி நேரம் பேசுவேன். காற்று, தண்ணீர், பறவை, ஆடு. ஏழில் ஐந்து ஊரில் அந்தச் செடியையே யாரும் பார்த்ததில்லை. "அப்படி ஒரு பூடு இருக்குதுங்களா?" என்று கேட்டார்கள். விதையை நான்தான் எடுத்துக் காட்டினேன். கையில் கொடுத்து, தொட்டுப் பார்க்கச் சொன்னேன். தெரிந்தால்தானே எச்சரிக்கையாக இருப்பார்கள்.

அந்த மாதம் தமயந்தி மேடம் இரண்டு தடவை என் வீட்டுக்கு வந்திருக்கிறார். நான் கூட்டத்துக்குப் போயிருந்தேன்.

"ஜமுக்காளத்த எல்லாம் வெந்தண்ணில போடச் சொல்லிட்டுப் போகுதுங்க அந்தப் புள்ள," என்றாள் பாவாத்தாள்.

"எதுக்காம்?"

"எதுக்குன்னு உங்களுக்கே தெரியோணுமாம்."

எனக்குத் தெரியவில்லை. மறுபடி பார்த்தால் கேட்க வேண்டும்.

இப்போது அதிர்ச்சியான பகுதிக்கு வருகிறேன். கார்த்திகை மாதம். அந்த ஏழு ஊரிலும் செடி முளைத்துவிட்டது. ஐந்து ஊரில் ஒன்றுமே இல்லாமல் இருந்தது என்று சொன்னேன் இல்லையா, அந்த ஐந்திலும்தான். ஊர்க்காரர்கள் போன் போட்டுச் சொல்கிறார்கள், "ஏனுங்க, நீங்க காட்டுனீங்களே, அது வந்துருச்சுங்க." பெயரும் தெரிந்திருக்கிறது. நான்தானே போய்ச் சொல்லியிருக்கிறேன், இதற்கு என் பெயரை வைத்துவிட்டார்கள், வைக்காதீர்கள் என்று. அதற்கு முன்னால் அவர்களுக்கு அந்தப் பெயரே தெரியாது.

டேப் எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். ஊருக்கு ஊர் ஒரே மாதிரி. செடி கண்டபடி முளைக்கவில்லை. கூட்டம் நடந்த இடத்தில் ஒரு நீள்சதுரம், பக்கத்தில் உதறிய இடத்தில் ஒரு வட்டம். நீள்சதுரம் பதினெட்டு அடி, பன்னிரண்டு அடி. ஒரு விரற்கடை கூடக் குறையில்லை.

இதை வைத்து நீங்கள் என்ன சொல்வீர்கள்? நான் உடனே சொல்லிவிட்டேன். இது திட்டமிட்ட வேலை. யாரோ பின்னாலேயே வந்து, என் ஜமுக்காளம் கிடந்த இடத்தில், என் ஜமுக்காளத்தின் அளவுக்கே விதைத்திருக்கிறான். அந்த அளவு யாருக்குத் தெரியும்? இந்தத் தொழிலில் இருக்கிறவனுக்குத்தான் தெரியும். எங்கள் பக்கத்தில் இன்னொரு ஆள் இருக்கிறான், ஞானசேகரன் என்று. பிளாஸ்டிக் பாய் வாடகைக்கு விடுகிறான். வழவழவென்று இருக்கும், தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டுச் சுருட்டுவான். நான் அவன் விரித்த இடங்களையும் போய்ப் பார்த்தேன். பதினான்கு இடம். ஓரிடத்திலாவது ஒரு செடி? இல்லை. எனக்குச் சந்தேகம் வருமா, வராதா?

நேரில் போய்க் கேட்டேன். அவன் அரை மணி நேரம் சிரித்தான். சிரித்துவிட்டு, "அண்ணா, டீ சாப்புடுங்க," என்றான். குற்ற உணர்ச்சி இல்லாவிட்டால் எதற்கு டீ?

ஆக மொத்தம், மார்கழியில் எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை. தையில் குழந்தை பிறந்தது. பையன். போனில் அழுகைச் சத்தத்தைக் கேட்டேன். என் அப்பா கூப்பிடுகிற மாதிரியே இருந்தது. இந்தக் குரலுக்குப் போய் அந்தத் தும்மல் பெயரா? பூபதியிடம் குழந்தையின் எடை எவ்வளவு என்று மட்டும் கேட்டேன்.

பெயர் விஷயத்தை அவனே பேசினான். "அப்பா, எனக்குத் தூத்துக்குடிக்கு மாத்தல் ஆயிருச்சு. இனி இவ அம்மா வீட்டுக்குப் பக்கத்துலதான் இருப்போம். அங்க நம்மூருப் பூடு கெடையாது. சென்னியப்பன்னா ஆளுப் பேருதான். நீங்க ஆசப்பட்ட மாதிரியே வெச்சரலாம்ப்பா."

அதற்குத்தான் இப்போது போகிறேன். மருமகளின் ஊர் சங்கரன்கோவில் பக்கம். நாளைக் காலையில் பெயர் வைக்கிறோம். நல்ல மனிதர்கள். சம்பந்தி சுடலைமுத்து தங்கமான ஆள். ஐப்பசியில் மருமகளைக் கொண்டுபோய் விட்டபோது முப்பது பேர் போனோம். அவர் வாசலில் இதே ஜமுக்காளத்தைத்தான் விரித்தோம். நாலு உதறு உதறியதைப் பார்த்துவிட்டு, "என்ன சுத்தம், என்ன சுத்தம்," என்று சம்பந்தி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். என் தொழிலை மதித்த முதல் மனிதர்.

கொஞ்சம் இருங்கள், போன். அட, அவரேதான்.

சொல்லுங்க சம்பந்தி. ஆமாங்க, ஏறிட்டேன். இல்லீங்க, எடஞ்சல் இல்லை, பக்கத்துல நல்ல மனுசர் ஒருத்தர். ஜமுக்காளம் கொண்டாறேனுங்க. அதேதானுங்க. என்னதுங்க? பூவா? சரி. சரி. சதுரமாவா? அழகா இருக்குமாட்ட இருக்குதே. வேண்டாமுங்க, புடுங்காதீங்க. நான் வந்து பாக்கறேன். வெச்சரலாமுங்க. வெச்சர்றேன்.

என்ன மனிதர் பாருங்கள். அவர் வீட்டு வாசலில் புதிதாக ஏதோ ஒரு செடி மஞ்சள் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கிறதாம். "ஜமுக்காளம் விரிச்ச மாதிரியே இருக்கு சம்பந்தி, நீங்க வந்து உக்காரணும்னே பூத்திருக்கு," என்கிறார். பேச்சில் என்ன நயம். ஊரில் ஒருத்தருக்கும் அதன் பெயர் தெரியவில்லையாம். குழந்தைக்குப் பெயர் வைக்கிற கையோடு அதற்கும் நான்தான் ஒரு பெயர் வைக்க வேண்டுமாம். எனக்குச் செடி கொடி எல்லாம் தெரியும் என்று பூபதி சொல்லி வைத்திருப்பான்.

உங்கள் சட்டையில் ஏதோ ஒட்டியிருக்கிறது. தோளில் ஒன்று, முழங்கைக்குக் கீழே இரண்டு. பிடுங்காதீர்கள், நூல் வந்துவிடும். உங்கள் ஊர் போய்ச் சேர்ந்ததும் வாசலில் நின்று ஒரு உதறு உதறுங்கள், தானாக விழுந்துவிடும்.

செடிக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். இவ்வளவு மரியாதை செய்கிறவருக்கு நானும் ஏதாவது செய்ய வேண்டாமா? சுடலைமுத்து என்றே வைத்துவிடலாம் என்று பார்க்கிறேன். சுடலைமுத்துப் பூடு. நன்றாகத்தான் இருக்கிறது. அந்த ஊர் இருக்கிற வரைக்கும் மனிதர் பெயர் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.